சனிக்கிழமை ஐந்து மணி யாருடையது?

பொன்மலையில் சவரிமுத்து வீடு எங்கே என்றுதானே கேட்டீர்கள்? தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன். ஆனால் பொன்மலையில் ஒரு ஆளை விசாரிக்க வேண்டுமென்றால் தோழர் மாசிலாமணி வீடு எங்கே என்று விசாரித்திருக்க வேண்டும். நீங்கள் விசாரிக்கவில்லை. பரவாயில்லை. தஞ்சாவூரில் பஸ் ஏறியதிலிருந்து பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். துவாக்குடி வந்துவிட்டது. நீங்கள் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி சவரிமுத்து.

பழைய இங்கிலீஷ் பாட்டுகளைக் கோர்த்துக் கொடுப்பாராமே, மச்சான் சொன்னார் என்கிறீர்கள். உங்கள் மச்சான் வரைக்கும் போய்விட்டதா? மச்சான் எந்த ஊர்? மன்னார்குடி! சரிதான். நான் மன்னார்குடியில் மூன்று முறை பொதுக்கூட்டம் பேசியிருக்கிறேன். அதை அவர் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

முன்னால் லாரி வரிசையைப் பாருங்கள். பொன்மலைக்கு இறங்கும் ஜி கார்னர் போய்ச்சேர அரை மணி நேரமாவது ஆகும். முழுவதும் சொல்கிறேன். நடுவில் பேசாதீர்கள். நடுவில் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. மற்றதெல்லாம் வெளியீடுகள். பத்துப் பைசா, இருபது பைசா வெளியீடுகள். கூட்டம் முடிந்து தரையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் படித்தவன் நான். அதனால்தான் என் தமிழ் இப்படி இருக்கிறது. வீட்டிலும் இதே தமிழ்தான். என் மனைவி தனபாக்கியம் சொல்லுவாள், "சாம்பார் இன்னும் சிறிது தேவைப்படுகிறதுன்னு சொல்லாதீங்க, கொஞ்சம் ஊத்துன்னு சொல்லுங்க, ஊத்துறேன்" என்று. நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பத்துநான்கு வருஷம். பெரிய வேலைநிறுத்தத்தில் இருபத்தெட்டு நாள் சிறை, பதினொரு மாதம் வேலையில்லை. ஒர்க் ஷாப் வாசலில், ஆர்மரி கேட்டில் நான் பேசினால் சைக்கிளில் போகிறவன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்பான். இன்னொரு கால் மிதியில் இருக்கும். போக மாட்டான். அப்படிக் கேட்பான். நான் எழுதிய துண்டறிக்கைகள் எத்தனை என்று எனக்கே தெரியாது. முந்நூறுக்குக் குறையாது.

ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் ஒரு சங்கம் வைத்தோம். ஓய்வுபெற்ற தொழிலாளர் நலச் சங்கம். தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம், நாற்பத்தைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கரும்பலகை. நான் கொள்கைப் பரப்புச் செயலாளர். சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு வரை என் நேரம். அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் படித்து, எது பொய், எது பாதிப் பொய் என்று விளக்குவேன். பன்னிரண்டு வருஷம். ஒரு வாரம் விட்டதில்லை. முப்பது பேர் வருவார்கள். சரி, இருபது. மழைக்காலத்தில் பன்னிரண்டு. அது முக்கியமில்லை. என் நேரம் அது. அதை மனத்தில் வையுங்கள்.

போன வருஷம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். மூன்று சனிக்கிழமை வர முடியவில்லை. மூன்றே மூன்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலாவது சனிக்கிழமை போனால், வாசலிலேயே டும் டும் டும் டும் என்று சத்தம். உள்ளே ஐம்பது பேர். நாற்காலி போதாமல் நான்கு பேர் ஜன்னல் கட்டையில். சங்கத்தின் தலைவர் கலியமூர்த்தி என்னைப் பார்த்து, "வாங்க தோழர், உக்காருங்க, இப்பத்தான் நல்ல இடம் வருது" என்கிறார். நல்ல இடமாம்! என் கரும்பலகையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'இந்த வாரக் கோர்வை: கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விடப்பட்டவர்களுக்கு.'

மேசைக்குப் பின்னால் சவரிமுத்து. மடிக்கணினி ஒன்று, இரண்டு பெட்டி ஒலிபெருக்கி.

சவரிமுத்து யார் என்று கேட்பீர்கள். ஸ்மித்தியில், அதாவது கொல்லுப்பட்டறைப் பிரிவில் வேலை பார்த்தவன். என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் அப்பா ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிளப்பில் சமையல்காரர். அங்கே ஆங்கிலோ இந்தியர்கள் சனிக்கிழமை தோறும் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். இவன் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டு வளர்ந்தவன். பிறகு அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. கட்டிலை விற்றார்கள், நாயைத் தெரிந்தவர்களிடம் விட்டார்கள், இசைத்தட்டுகளைச் சவரிமுத்துவிடம் கொடுத்தார்கள். அதைக் கேசட்டில் பதிந்து பதிந்து, நானூறு கேசட் சேர்த்துவிட்டான். அறுபத்தெட்டு வயதில் அதையெல்லாம் கணினியில் ஏற்றக் கற்றுக்கொண்டான். அந்த வயதில் கற்றுக்கொள்வதற்கு உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது.

வேலைநிறுத்தத்தில் அவனும் இருந்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசியது யார்? நான்.

கேட்டவர்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா? தெரியாது. கலியமூர்த்திக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பின் எதைக் கேட்கிறார்கள்? நானும் உட்கார்ந்து கேட்டேன், எதிரியை அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா. முதல் வகை டிஸ்கோ. ஸ்மித்தியில் ஆவிச் சுத்தியல் அடிக்குமே, அதே அடி. அதை நாங்கள் முப்பது வருஷம் சம்பளத்துக்குக் கேட்டோம், இப்போது சும்மா கேட்கிறார்கள். இரண்டாவது வகை மெதுவானது. கிதாரை வைத்துக்கொண்டு ஒருவன் கெஞ்சுகிறான். யாரிடம் கெஞ்சுகிறான், என்ன கோரிக்கை, ஒன்றும் தெளிவில்லை. கோரிக்கை தெளிவில்லாத போராட்டம் எப்படி வெற்றி பெறும்? ஆனால் அவன் கெஞ்சுகிறபோது பின்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்துகிறார்கள்.

என்னைப் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். ஒரு தீர்மானம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. "தோழர், கண்ணு நல்லா ஆறட்டும், நீங்க புதன்கிழமை வெச்சுக்கோங்க" என்றார் கலியமூர்த்தி. புதன்கிழமை நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் மின்விசிறிக்காக வந்தவர்.

இதில் இன்னொரு கொடுமை கேளுங்கள். சங்கத்தில் புகார்ப் பெட்டி ஒன்று இருக்கிறது. சாவி என்னிடம். எட்டு வருஷமாக ஒரு புகார் விழுந்ததில்லை. சவரிமுத்து அதில் சீட்டு போடச் சொன்னான். பாட்டின் பெயரை எழுதக்கூடாது. உங்களுக்கு இந்த வாரம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள், அதற்கேற்ற கோர்வையை நான் செய்கிறேன் என்றான். பெட்டி நிரம்பிவிட்டது. 'மகன் போன் செய்யாத மூன்றாவது வாரம்.' 'ஸ்கேன் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.' 'மருமகள் என் தட்டைத் தனியாக வைத்திருக்கிறாள்.' நான் பன்னிரண்டு வருஷம் கேட்டேன், ஏதாவது கேள்வி உண்டா, ஏதாவது பிரச்சினை உண்டா என்று. ஒருவன் வாயைத் திறக்கவில்லை. பாட்டுக்காரனிடம் தட்டு வரைக்கும் சொல்கிறார்கள்.

சரி, இது என்ன பெரிய வித்தை என்று நானும் ஒரு கோர்வை செய்தேன். பொறாமை என்று நினைக்காதீர்கள். ஆய்வு. எங்கள் ஊர்வலப் பாடல்கள் பதினாறு. அத்தனையும் உச்சம். ஒரு புதன்கிழமை போட்டேன். மூன்றாவது பாட்டில் மின்விசிறிக்காரர் எழுந்து போய்விட்டார். சவரிமுத்துதான் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்தவன், கடைசி வரைக்கும் இருந்தான். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"பாட்டெல்லாம் நல்ல பாட்டுதான் தோழர். ஆனா எல்லாமே மொத பாட்டா இருக்கு."

"அப்படியென்றால்?"

"ஒண்ணு முடிஞ்சா மனுசன் மூச்சு விடணும்ல? ஆறாவது பாட்டுல உக்கார வெக்கணும். கடைசிப் பாட்டு, எந்திரிச்சு செருப்பத் தேடிப் போட்டுட்டுப் போற மாதிரி இருக்கணும். நீங்க பதினாறு தடவ எந்திரிக்கச் சொல்றீங்க. வயசான காலு, முடியுமா?"

எனக்குப் பாடம் எடுக்கிறான். எனக்கு!

அதற்கப்புறம் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். விசாரணைக்காக. அறை முழுவதும் கேசட் பெட்டிகள், சுவரோடு சுவராக. ஒன்றை எடுத்துத் திறந்தேன். உள்ளே பாட்டுப் பட்டியல், அவன் கையெழுத்தில். தாள் எங்கோ பார்த்த தாளாக இருந்தது. இளஞ்சிவப்பு. திருப்பினேன். என்ன பார்த்தேன் தெரியுமா? '...யின் நயவஞ்சகப் போக்கைக் கண்டித்து அணிதிரள்வீர்!' என் துண்டறிக்கை. கேசட் பெட்டி அளவுக்கு வெட்டப்பட்டு. இன்னொன்றை எடுத்தேன். கேண்டீன் போராட்டம். இன்னொன்று. போனஸ். என் எழுத்தின் முதுகில் அவன் பாட்டுப் பட்டியல்!

"சவரிமுத்து, இது என்ன?"

"உங்க நோட்டீசு தாளு கெட்டித் தாளு தோழர். பின்பக்கம் காலியா இருக்கும். வீணாப் போகக் கூடாதுன்னு எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்குவேன்."

பாருங்கள் எவ்வளவு துணிச்சல். என் வீட்டில் இருந்த படிகளைக் கரையான் தின்றுவிட்டது. ஒன்றுகூட மிச்சமில்லை. இவன் வீட்டில் நானூறு பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. நான் அங்கேயே நின்றுகொண்டு வாசித்தேன். நல்ல நடை, சார். நானே சொல்லக்கூடாது. வெட்டியதில் சில இடத்தில் வாக்கியம் பாதியில் நின்றிருந்தது, அதை மனத்தால் முடித்துக்கொண்டேன். அவன் டீ போட்டு எடுத்து வந்தான். ஆறிப்போயிற்று, இன்னொன்று போட்டான். கேட்டால் கொடுத்திருப்பான். நான் கேட்கவில்லை.

இப்போது முக்கியமான இடம். தனபாக்கியம்.

நாற்பத்தொரு வருஷக் குடித்தனம். என் கூட்டம் எதற்கும் அவள் வந்ததில்லை. "வீட்ல கேக்குறது போதாதா" என்பாள். நான் வற்புறுத்தியதில்லை, நான் சனநாயகவாதி. ஆனால் சவரிமுத்துவின் ஐந்து மணிக்கு நாலரைக்கே முகம் கழுவிவிடுவாள். இரண்டாவது வரிசை, சுவரோரம். அவன், "வாங்க அண்ணி" என்பான். அந்த 'அண்ணி'யை அவன் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொல்கிறான். அதுதான் பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி என்னிடம் இருப்பதால் அது என் கடமை. ஒரு சீட்டு. மளிகைக் கடைப் பில்லின் பின்பக்கம். அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'பேச்சு நிற்காத வீட்டில் இருப்பவருக்கு.' அவ்வளவுதான். பெயர் இல்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் நாள் முழுவதும் தொலைக்காட்சி ஓடும். சீரியல், செய்தி, மறுபடி சீரியல். சுவர் ஒற்றைக்கல் சுவர், அத்தனையும் எங்கள் வீட்டில் கேட்கும். பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாளே என்று அன்றைக்கே போய்ப் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்தேன். ஒலி மாசு பற்றி முக்கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். அவர் தொலைக்காட்சியை அணைத்தேவிட்டார். வந்து தனபாக்கியத்திடம், "இனி பேச்சுச் சத்தம் இருக்காது" என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

ஆனால் என்னிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. அவனிடம் சொல்கிறாள். சீட்டு எழுதிச் சொல்கிறாள். எனக்கு அவள் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. சிறையில் இருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் வந்தது என்று கதை கதையாகச் சொல்லுவார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அது வேறு. ஆகியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் கோர்வை. பலகையில் அதே வரி, அவளுடைய வரி. ஆரம்பித்தான். சார், நாற்பத்தைந்து நிமிடம், ஒரு மனிதக் குரல் இல்லை. பாட்டுக்கு நடுவே பாடுகிறவன் நிறுத்திக்கொண்டு வாத்தியம் மட்டும் வாசிப்பார்களே, அந்த இடங்களாக வெட்டியெடுத்துக் கோர்த்திருக்கிறான். டிஸ்கோவில் இருந்து கொஞ்சம், கிதார் அழுகிற இடம் கொஞ்சம், பியானோ கொஞ்சம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவது தெரியவே இல்லை. யாரோ பாடத்தான் போகிறார்கள், பாடத்தான் போகிறார்கள் என்று காத்திருக்கிறேன், கடைசி வரைக்கும் யாரும் பாடவில்லை. ஏமாற்று வேலை. பாட்டே இல்லாத பாட்டு!

தனபாக்கியத்தைப் பார்த்தேன். சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, உள்ளங்கை இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். தூங்கவில்லை. அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று இல்லை, பெண் பிறந்தபோது இல்லை, நான் வேலையில் திரும்பச் சேர்ந்த கதையை முதல்முதலாகச் சொன்னபோது இல்லை. யாரோ ஒருவருடைய மனைவி மாதிரி இருந்தாள். நன்றாக இருந்தாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். சனிக்கிழமை ஐந்து மணியை மீட்டே தீருவேன்.

என் கையில் இருப்பது ஒரே ஆயுதம். துண்டறிக்கை எழுதினேன். 'சங்கக் கட்டடமா, ஏகாதிபத்தியக் கூத்து மேடையா? உறுப்பினர்களே, சிந்திப்பீர்! ஏழு கேள்விகள்.' என் பெயரில் போட்டால் சொந்தப் பகை என்பார்கள். அதனால் 'உண்மை விளம்பி' என்று போட்டேன். காஜா பாயின் ஒற்றுமை அச்சகத்தில் கொடுத்தேன். பொன்மலையில் இன்னமும் எழுத்துக் கோர்த்து அச்சடிப்பவர் அவர் ஒருவர்தான், அவரிடம் இன்னமும் அச்சடிப்பவன் நான் ஒருவன்தான். காஜா பாய் கேட்டார், "அச்சகம் பேர் வேணாம்ல தோழர்?" நான் சொன்னேன், "பாய், அச்சிட்டவர் பெயரில்லாத தாள் சட்டவிரோதம். நாற்பது வருஷத்தில் அப்படி ஒன்று வெளியிட்டதில்லை. போடுங்கள்." போட்டார். இருநூறு படி. இளஞ்சிவப்புத் தாள். வேறு நிறம் எனக்குத் தோன்றவேயில்லை.

பொதுக்குழுவில் கலியமூர்த்தி அதைத் தூக்கிக் காட்டி, "இத யாருப்பா எழுதினது?" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "யாருன்னு தெரியல தலைவரே. ஆனா நயவஞ்சகம் அஞ்சு எடத்துல வருது."

இன்னொருவன்: "கீழ பாருங்க, ஒற்றுமை அச்சகம். காஜா பாய் எழுதிருப்பாரோ?"

சிரிப்பு. தகரக் கூரை அதிர்ந்தது. தனபாக்கியம் என் பக்கம் குனிந்து மெதுவாக, "உங்க பேரு ஒண்ணுதான் இல்ல, மத்ததெல்லாம் இருக்கு" என்றாள். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொள்கைக்காரன் சிரிப்புக்கு அஞ்சக்கூடாது.

சவரிமுத்து எழுந்தான். வரட்டும், பேசட்டும், ஏழு கேள்விக்கும் பதில் சொல்லட்டும், எதிர்வாதம் என் சட்டைப்பையில் இருந்தது, நான்கு பக்கம். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"கேட்டது யாரா இருந்தாலும் நியாயந்தாங்க. சனிக்கெழம அஞ்சு மணி தோழரோட நேரம். அவருக்கு ஒடம்பு சரியில்லாதப்ப நான் வந்து உக்காந்தேன். எந்திரிக்க மறந்துட்டேன். அவரே எடுத்துக்கட்டும்."

உட்கார்ந்துவிட்டான். 'முடியாது, முடியாது' என்று கத்தினார்கள். அவன் கையை உயர்த்தினான், அடங்கிவிட்டார்கள். நான் கையை உயர்த்தினால் கேள்விதான் வரும், அமைதி வராது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நான் வென்றிருப்பேன், சார். விட்டுக்கொடுத்து என்னைத் தோற்கடித்தான். நான்கு பக்கமும் சட்டைப்பையிலேயே வியர்வையில் ஊறிப்போனது.

ஆனால் நேரம் என்னுடையது. வந்துவிட்டதல்லவா? இது நடந்து ஏழு வாரம் ஆகிறது.

முதல் சனிக்கிழமை போகிறேன். காலி நாற்காலிகளிடம் பேசத் தயாராகத்தான் போனேன். உள்ளே நாற்பத்தொரு பேர்! எண்ணினேன். சவரிமுத்துவும் வந்திருந்தான், கடைசி வரிசை. தனபாக்கியமும்! என் கூட்டத்துக்கு! தலையில் முக்காடு போட்டு, மின்விசிறிக் காற்று காதில் அடிக்கிறது என்று சொல்லி, அதே சுவரோரம். பேசினேன். எப்படிப் பேசினேன் தெரியுமா? ஆர்மரி கேட் திரும்பி வந்தது. பார்க்கிறேன், பாதிப் பேர் காதில் வெள்ளையாக ஏதோ சின்ன இயந்திரம். நாங்களெல்லாம் சுத்தியல் சத்தத்தில் வேலை பார்த்தவர்கள், காது போய்விட்டது பாவம், என் பேச்சு தவறிவிடக் கூடாது என்று மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார்கள். கால் தாளம் போட்டது. நாற்பது காலும் ஒரே நேரத்தில். கருத்து சரியாக இருந்தால் அதற்கு ஒரு தாளம் இருக்கும் என்று நான் எப்போதும் சொல்லுவேன்.

சிரிக்காதீர்கள். எனக்கும் தெரியும். மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. கலியமூர்த்தி வாயில் எதுவும் நிற்காது. சவரிமுத்து எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்: கோர்வை வேண்டுமென்றால் சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சங்கத்துக்கு வந்து உட்காருங்கள், அந்த நேரத்தில்தான் வாட்ஸப்பில் அனுப்புவேன், எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு ஒன்றாக அமுக்குங்கள், தோழர் முன்னால் ஒரு நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. இப்படிச் சொல்லியிருக்கிறான். என் கூட்டத்தையும் அவனே கூட்டிக் கொடுக்கிறான். எனக்கு எதிராக ஒன்றும் செய்யாமலே என்னிடம் எதையும் மிச்சம் வைக்கவில்லை பார்த்தீர்களா?

நிறுத்திவிட்டேனா? இல்லை. ஏன் நிறுத்த வேண்டும்? நாற்பத்தொரு பேர், சார். நாற்பத்தொரு பேர் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனை வருஷமாயிற்று. இப்போது எனக்கு அவர்கள் காலைப் பார்த்தே தெரியும். டிஸ்கோ ஓடுகிறபோது கண்டனம். கால் மெதுவானால் தியாகிகள். ஆறாவது பாட்டில் எல்லோரும் நாற்காலியில் சாய்வார்கள், அப்போது நான் புள்ளிவிவரம் சொல்லுவேன். கால் நின்றால் நானும் முடித்துவிடுவேன். கைதட்டுவார்கள். நன்றாகவே தட்டுவார்கள்.

எனக்கு ஒரே ஒரு ஆள் காதுதான் தெரிய வேண்டும். முக்காட்டுக்குள் அந்த வெள்ளை இயந்திரம் இருக்கிறதா, இல்லையா? வீட்டில் அவள் பெட்டியில் தேடினேன், தலையணை அடியில் பார்த்தேன், அஞ்சறைப் பெட்டிக்குள்கூடப் பார்த்தேன். இல்லை. கைப்பையில் வைத்திருக்கலாம். கைப்பையைத் திறந்து பார்க்க நான் போலீஸ்காரன் இல்லை. கை வைத்தேன், ஜிப் சத்தம் கேட்டது, எடுத்துவிட்டேன்.

அதனால் போன சனிக்கிழமை ஒரு சோதனை செய்தேன். விலைவாசியைப் பற்றி உச்சத்தில் பேசிக்கொண்டிருந்தவன், வாக்கியத்தின் நடுவில் சட்டென்று நிறுத்தினேன். வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு நிமிடம். கூரையில் அணில் ஓடும் சத்தம் கேட்டது. நாற்பது பேரில் ஒருவர் தலை நிமிரவில்லை. கால் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சவரிமுத்துகூடக் கண்ணை மூடியிருந்தான்.

தனபாக்கியம் நிமிர்ந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். மடியில் இருந்த கையை லேசாக அசைத்தாள். பேசுங்கள், பேசுங்கள் என்று.

பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியாது.

நீங்களே சொல்லுங்கள். என் குரல் நின்றது அவள் காதுக்குத் தெரிந்ததா, என் வாய் நின்றது அவள் கண்ணுக்குத் தெரிந்ததா? முடிந்து வெளியே வந்தோம். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. அவள் ஓரடி முன்னால் நடந்தாள், முக்காட்டை எடுக்கவில்லை. ஜெனரல் மேனேஜரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவன் நான். வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டு, "ராத்திரிக்கு என்ன குழம்பு?" என்று கேட்டேன்.

அவள் நின்றாள். திரும்பினாள்.

"என்னங்க?" என்றாள்.